விளங்கியது என்று ஒரு முத்திரை

காலிதீன் மேசனுக்கு இந்த உலகத்தில் விளங்காத விஷயங்கள் அதிகம் இல்லை. எந்தச் சுவர் எந்த மாரியில் வெடிக்கும், எந்த வீட்டுக்காரன் கூரை போட்ட பிறகு கதவை இடம் மாற்றச் சொல்வான் என்பதெல்லாம் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். சாய்ந்தமருதில் அவர் கட்டிய சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்த ஒரு எஞ்சினியர், கடைசியில் தூக்குக்குண்டைத்தான் சந்தேகப்பட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு விளங்காத பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. பட்டன் அளவு வெள்ளைக் குளுசை.

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தபோது, பிரஷரும் அதிகம், இருதயமும் கொஞ்சம் களைத்திருக்கிறது என்று சொல்லி டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். பெயர் காவெடிலோல். ஒரு நாளைக்கு இரண்டு நேரம், சாப்பாட்டோடு. காலையில் ரொட்டியோடு ஒன்று, இரவில் சோற்றோடு ஒன்று என்று பதினொரு மாதம் ஒரு குறையுமில்லாமல் போனது. பன்னிரண்டாவது மாதம் நோன்பு வந்தது. நோன்பு நாளில் காலை ரொட்டி எங்கே, பகல் எங்கே? காலிதீன் தானே யோசித்தார். இரண்டு நேரத்துக்குரியதையும் விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டோடு ஒன்றாகப் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று முடிவு கட்டினார். மூன்றாம் நோன்பு, காலை பத்து மணி. சாரத்தில் நின்று பூச்சுப் பூசிக்கொண்டிருந்தவருக்கு, தான் கட்டிய சுவரே முதல் தடவையாகச் சரிந்து தெரிந்தது. நல்ல காலம், கீழே மணல் குவியல். வீட்டுக்காரர் ஓடி வந்து, மணல் சிதறிப்போச்சே என்று கவலைப்பட்டார்.

இந்த வருடம் நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய மனைவி சுல்பிகா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா.

"இஞ்சாருங்க, இந்த முறை அந்தக் குளுசைய எப்ப போடுறண்டு கேட்டுத் தெரிஞ்சிட்டு வாங்க. தெரியாட்டி நோன்பும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் ஸஹருக்கு எழுப்ப மாட்டன்."

முப்பத்தொரு வருடமாக ஸஹருக்கு அவரை எழுப்பிய கை அது. பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டார். மௌலவியும் அவ பக்கம்தான். "மார்க்கம் லேசு காக்கா. நோயாளிக்குச் சலுகை இரிக்கி. ஒங்களால ஏலுமா ஏலாதாண்டு டாக்குத்தரக் கேளுங்க. குளுசையப் பத்தி எனக்கிட்டக் கேக்காதீங்க" என்றார். ஊரில் தன் வேலை எதுவென்று தெரிந்து வைத்திருந்த கடைசி மனிதர் அவர்தான் என்பது காலிதீனுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கிளினிக் நாளன்று ஆசுபத்திரிக்குப் போனார். எந்த ஆசுபத்திரி என்று சொல்ல மாட்டேன். கல்முனைப் பக்கத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் துண்டு எண்பத்தேழு. டாக்டரைக் குறை சொல்ல ஏலாது. பகலுக்குள் நூற்று நாற்பது பேரைப் பார்க்க வேண்டிய மனிதன். காலிதீன், "சேர், நோன்பு வருது..." என்று தொடங்கியதும் தலையாட்டினார். போன வருடம் விழுந்த கதையையும் கேட்டார். கிளினிக் கொப்பியில் மூன்று வரி எழுதினார். "எழுதியிருக்கிறன். மருந்து குடுக்கிற யன்னல்ல சொல்லுவாங்க" என்றார். அதற்குள் எண்பத்தெட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

நாலாம் இலக்க யன்னலில் ஆகிலா மிஸ் இருந்தா. பாண்டிருப்புப் பெண். மருந்து கொடுக்கும் வேலைக்கு வந்து பதினொரு வருடம். குளுசையை உறையில் போட்டு நீட்டும்போதே, "இது சாப்பிட்ட பிறகு, இது ராவைக்கு, இதப் போட்டிட்டு டக்கெண்டு எழும்பிராதீங்க" என்று சொல்லிவிடுவது அவவின் பழக்கம். ஊரே அதைக் கேட்டுத்தான் உயிரோடு இருந்தது என்று சொன்னால் பெரிய பொய்யில்லை. அன்றைக்கு அவ வாயைத் திறக்கவில்லை. விரலால் கண்ணாடியைக் காட்டினா. அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"அறிவித்தல். நோயாளர் புரிந்துணர்வு அலகு தாபிக்கப்பட்டுள்ளமையால், இவ்வறிவித்தல் இங்கு ஒட்டப்பட்டிருக்கும் காலம் முழுவதும் இந்த யன்னலில் விளக்கம் கோருவதும் வழங்குவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. எம். முபீன், பொறுப்பதிகாரி."

"மிஸ், டாக்குத்தர் கொப்பியில ஏதோ எழுதியிரிக்காரு. இங்கிலீசு. அத மட்டும் வாசிச்சிச் செல்லுங்களன்."

"வாசிக்கிறதும் விளக்கந்தானாம் காக்கா. போன கிழமை ஒரு உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். ஏன் காட்டினீங்கண்டு கேட்டு எனக்குக் கடிதம் வந்திட்டு."

நடந்தது இதுதான். நோயாளர்களுக்குத் தாங்கள் குடிக்கிற மருந்து விளங்குவதில்லை என்று மேலிடத்தில் யாரோ ஒரு அறிக்கை எழுதியிருந்தார்கள். அறிக்கை சுற்றுநிருபமாகி, சுற்றுநிருபம் குழுவாகி, குழு ஒரு குளிரூட்டிய அறையாகி முடிந்தது. யன்னலில் ஆகிலா சொல்லிக்கொண்டிருந்தது "முறைசாரா விளக்கம்" என்று கண்டுபிடிக்கப்பட்டு, முதல் வேலையாக நிறுத்தப்பட்டது. முறையான விளக்கம் வரும்வரை யாருக்கும் எதுவும் விளங்கக்கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள்.

காலிதீன் அந்த அறையைத் தேடிப் போனார். பொறுப்பதிகாரி முபீன் ஐம்பது வயது மதிக்கத்தக்க, நல்ல உடம்புக்காரர். இங்கு வருவதற்கு முன் மாடுகளின் காதுக்கு இலக்கம் போடும் பிரிவில் இருந்தவர். அங்கே ஒரு மாடுகூட முறைப்பாடு செய்ததில்லை என்பது அவருடைய நிர்வாகத் திறமைக்கு அத்தாட்சியாக அவருடைய சுயவிபரக் கோவையில் இருந்தது.

"ஒங்களுக்கு என்ன வெளங்கல்ல?" என்று கேட்டார், மரியாதையாகத்தான்.

"நோன்புல இந்தக் குளுசைய எப்ப போடுறண்டு சேர்."

"அது கேள்வி. கேள்விக்கு நாம மறுகா வருவம். ஒங்களுக்கு வெளங்கல்லண்டு நீங்க செல்லுறீங்க. அதுக்கு அத்தாட்சி?"

"நான்தான் செல்லுறனே."

"எல்லாரும் அப்பிடித்தான் செல்லுவாங்க" என்று முபீன் வருத்தத்தோடு சிரித்தார். "ஏற்கனவே வெளங்கின ஒருவருக்குத் திரும்பவும் வெளக்கினா, அது அரசாங்க வளத்த வீணாக்கிறது. ஓடிட்காரன் வந்து என்னையத்தான் புடிப்பான். நீங்க ஜீ.எஸ்ஸிட்டப் போய் ஒரு விளங்காமைச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில மேலொப்பம் வெச்சிட்டு வாங்க. அந்த ஒரு துண்டு இருந்தாப் போதும், நான் ஒங்கள விடவே மாட்டன்."

ஜீ.எஸ். என்கிற கிராம உத்தியோகத்தர் ஜவுபர் அந்தப் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இருப்பிடச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார், வருமானச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார், ஒருவர் மௌத்தாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்குக்கூட அவரை நேரில் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். இது புதிது.

"காக்கா, நீங்க இந்தப் பிரிவில குடியிரிக்கீங்களண்டா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்து வெப்பன். வெளங்காம இரிக்கீங்களண்டு நான் எப்பிடிக் காணுற?"

"கேட்டுப் பாருங்களன்."

ஜவுபர் கேட்டுப் பார்த்தார். ஒரு அந்தருக்கு எத்தனை கிலோ, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை கல் போகும் என்றெல்லாம் கேட்டார். மேசன் எல்லாவற்றுக்கும் டக்கு டக்கென்று பதில் சொன்னார். ஜவுபரின் முகம் இருண்டுபோனது. "இப்பிடிச் சென்னா எப்பிடிக் காக்கா நான் கையெழுத்து வெக்கிற? கொஞ்சம் ஒத்துழைங்களன்" என்றார்.

கடைசியில் களவிசாரணை என்று முடிவாயிற்று. அடுத்த நாள் வீட்டுக்கே வந்தார். படிவத்தில், "மேற்படி நபர் தொடர்ச்சியாக விளங்காதவராக இருந்து வருகிறார் என்பதை நேரில் அறிந்த மூவர்" என்று ஓர் இடம் இருந்தது. சுல்பிகா ஓடி வந்து முதலாவதாகக் கையெழுத்திட்டா. எத்தனை வருடமாக அறிவீர்கள் என்ற இடத்தில் முப்பத்தொன்று என்று அழுத்தி எழுதினா. இரண்டாவது, எதிர்வீட்டு றாஸிக். மூன்றாவதாக வந்த பக்கத்து வளவுக்காரருக்கும் காலிதீனுக்கும் எல்லைச் சுவர் பற்றிப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அவர் கையெழுத்திட்டதோடு நிற்காமல், "சிறு வயது முதற்கொண்டே" என்று சொந்த மையில் ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். அதை வாசித்தபோது காலிதீனுக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. ஒரு குளுசைக்காக ஊரில் இருந்த பேரையும் இழக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தார்.

மேலொப்பத்துக்கு மூன்று நாள் போயிற்று. சான்றிதழோடு அவர் திரும்பி வந்தபோது நோன்புக்கு நாலு நாள்தான் பாக்கி.

முபீன் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார். அலகு வேலை தொடங்கிய நாளிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்த முதல் ஆள் காலிதீன்தான். மற்றவர்கள் பாதி வழியில் விளங்காமலேயே இருந்துவிடத் தீர்மானித்திருந்தார்கள். அறையில் அறுபது கதிரை. அதில் ஒன்றில் காலிதீன் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. சுவரில் படம் ஓடத் தொடங்கியது.

மொத்தம் நாற்பத்தெட்டுப் படங்கள். "விளக்கம் என்றால் என்ன?" என்பது முதல் படம். "விளக்கத்தின் வகைகள்" என்று ஆறு, "விளக்கத்தின் வரலாறு" என்று ஒன்பது, "விளக்கத்தில் நோயாளரின் கடமைகள்" என்று பதினான்கு. முபீன் ஒவ்வொன்றையும் வரி விடாமல் வாசித்தார். நடுவில் இருதயம் வந்தது. அதைக் காட்டுவதற்கு பிளாஸ்டிக்கில் ஒரு இருதயம் வாங்கியிருந்தார்கள். அது கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது, சாவி களஞ்சியப் பொறுப்பாளரிடம், அவர் லீவில். முபீன் கண்ணாடிக்கு வெளியே நின்று, "அந்தா, அதுதான் இருதயம். கொஞ்சம் அங்கால இன்னொரு பக்கம் இரிக்கி, இஞ்ச இருந்து தெரியாது" என்றார்.

நாற்பத்தெட்டாவது படத்தில் ஒரு சூரியன் உதித்தது. விளக்கு எரிந்தது.

"சேர், அப்ப அந்தக் குளுசை?" என்றார் காலிதீன்.

"அது ரெண்டாங் கட்டம். மருந்தப் பத்தின வெளக்கம் அடுத்த வருஷ ஒதுக்கீட்டிலதான் வருது. இப்ப முதலாங் கட்டம் மட்டும்தான். அதில ஒங்களுக்கு வெளங்காத எதும் இரிக்கா?"

"இல்ல சேர், ஆனா..."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் முபீன். மனதாரச் சொன்னார். கொப்பியைத் திறந்து கடைசியாக எழுதிய பக்கத்தை எடுத்து, ஊதா மையில் தோய்த்த பெரிய முத்திரை ஒன்றை ஓங்கிக் குத்தினார். விளங்கியது. டாக்டர் எழுதிய மூன்று வரியின் மேலேயே குத்தினார். காலியான இடம் கீழே ஒரு சாண் இருந்தது.

கையெழுத்திடக் காலிதீன் தயங்கினார். முத்திரையும் கையெழுத்தும் இல்லாத கொப்பிக்கு அடுத்த மாதத்திலிருந்து மருந்து கிடையாது என்று முபீன் அன்பாகச் சொன்னார். மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காலிதீன் கேட்க நினைத்தார். அது இரண்டாம் கட்டத்தில் இருக்கும் என்று அவருக்கே தெரிந்ததால் கேட்காமல் கையெழுத்து வைத்தார். விளக்கத்துக்குப் பின்னான பிரஷரையும் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தார்கள். நூற்றெழுபதுக்கு நூறு. முபீன் படிவத்தில் குறிப்புரை எழுதினார்: "புரிந்துணர்வினால் ஏற்பட்ட பூரிப்பு."

வீட்டில் சுல்பிகா முத்திரையைப் பார்த்தா.

"வெளங்கிட்டா?"

"வெளங்கினண்டு குத்தியிரிக்காங்க."

"அப்ப குளுசைய எப்ப போடுற?"

காலிதீன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அன்று இரவு சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். நோன்பை விடுவதா, குளுசையை விடுவதா, இல்லை இரண்டையும் பிடித்துக்கொண்டு சாரத்திலிருந்து விழுவதா என்று மனம் அல்லாடியது. பயமாகத்தான் இருந்தது. மணல் குவியல் எல்லா வருடமும் சரியான இடத்தில் இருக்காது.

ஷஃபான் மாதம் இருபத்தொன்பது, நோன்புப் பிறை பார்க்கிற நாள். அன்றைக்கே அலகின் திறப்பு விழாவை வைத்தார்கள். நோன்பு தொடங்கிவிட்டால் விருந்தினருக்குச் சிற்றுண்டி கொடுக்க முடியாது என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். முற்றத்தில் பந்தல். பந்தலுக்கு நேர் எதிரே நாலாம் இலக்க யன்னல். விழா முடியும்வரை மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டதால், மருந்துக்கு வந்த வரிசை அப்படியே பார்வையாளர்களாக மாற்றப்பட்டது. நிழல் மேடைக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

"முதலாவதாகப் புரிந்துகொண்ட நோயாளர்" என்று காலிதீனை மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பிரதம அதிதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிரதம அதிதி மேலிடத்திலிருந்து வந்தவர். குரல் நல்ல கனம்.

"எமது இலக்கு நூறு வீதப் புரிதல்" என்று தொடங்கினார். "கடந்த காலாண்டில் எத்தனை நோயாளருக்கு முறைப்படி புரிந்திருந்தது? பூச்சியம். இன்று? ஒருவர்! இந்த வளர்ச்சி வீதத்தைக் கணக்கிட எமது கணினியால் முடியவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்." கைதட்டல். "இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இங்கு வரும் வழியில், வாசலில் ஒரு தாய் எனது வாகனத்தை மறித்தார். கையில் மருந்துறை. மகனே, இதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று கேட்டார். அன்பர்களே, உறையில் தெளிவாக எழுதியிருந்தது. நான் வாசித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் சொன்னேனா? சொல்லவில்லை! நான் அங்கேயே சொல்லியிருந்தால் இந்த அலகுக்கு என்ன மதிப்பு? கண்ணீரோடு வாகனக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டேன்."

வரிசையில் நின்ற ஒரு வயதான பெண், கையிலிருந்த மருந்துறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

காலிதீனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவந்தார்கள். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "எனக்கு ஒண்டுமே வெளங்கல்ல" என்றார். அறிவிப்பாளர் பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடித்து, "உண்மையில் புரிந்துகொண்டவர்களின் அடக்கம் இதுதான்!" என்றார். அன்றைய விழாவில் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

எல்லோரும் பற்றீஸுக்கும் பால் தேநீருக்கும் எழும்பிய நேரத்தில், ஒரு கை காலிதீனின் பொன்னாடையைப் பிடித்து பதாகைக்குப் பின்னால் இழுத்தது. முபீன். முகமெல்லாம் வியர்வை. சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே பட்டன் அளவு வெள்ளைக் குளுசை.

"எனக்கும் இதுதான், ஆறு மாசமா" என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்கி நோன்பு வந்திரும். ஒங்களுக்கு வெளங்கினண்டு முத்திரையே இரிக்கி. செல்லுங்களன், இத நோன்புல எப்ப போடுற?"

"சேர், நீங்கதானே எனக்கு வெளக்கின?"

"நான் வெளக்கத்தப் பத்தித்தானே வெளக்கினன்!"

காலிதீனுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. "போன முறை நான் ரெண்டையும் ஸஹருக்கே ஒண்டாப் போட்டன் சேர்" என்றார். "சாரத்தால உழுந்தன்."

முபீனின் முகம் வெளுத்தது. "நானும் அப்பிடிப் போடுவமெண்டுதான் நெனச்சிருந்தன்" என்றார்.

இரண்டு பேரும் நாலாம் இலக்க யன்னலுக்குப் போனார்கள். மருந்து கொடுப்பது தொடங்கியிருந்தது. பொன்னாடையைப் பார்த்தோ பொறுப்பதிகாரியைப் பார்த்தோ வரிசை வழிவிட்டது. முபீன் குனிந்து யன்னலுக்குள் கேட்டார். ஆகிலா எல்லோருக்கும் செய்வதையே செய்தா. விரலால் கண்ணாடியைக் காட்டினா.

"மிஸ், நான்தான் முபீன்."

"தெரியும் சேர். கீழ கையெழுத்து இரிக்கு."

"இப்ப ஒரு நிமிசம்..."

"ஒட்டியிருக்கிற காலம் முழுக்க எண்டு போட்டிருக்கிறீங்க. எனக்கு ஏற்கனவே ஒரு கடிதம் வந்திட்டு சேர். ரெண்டாவது வந்தா இடமாற்றம்."

முபீன் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிரதம அதிதி இரண்டாவது பற்றீஸில் இருந்தார். முபீன் நகத்தால் டேப்பைக் கிளப்பி, அறிவித்தலை மெதுவாகப் பிய்த்தெடுத்து, "கொஞ்சம் புடிங்க" என்று காலிதீனிடம் கொடுத்தார். பிறகு தன் கிளினிக் கொப்பியை உள்ளே நீட்டினார்.

ஆகிலா புரட்டிப் பார்த்தா. "நோன்பு பத்தி டொக்டர் ஒண்டும் எழுதல்லையே சேர். நீங்க கேக்கல்லையா?"

"கேக்கல்ல" என்றார் முபீன். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றார்.

"டொக்டர் நாலு மணி வரைக்கும் அறையில இரிப்பார். இண்டைக்கே கேளுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. கேக்கிற வரைக்கும் ரெண்டு நேரத்தையும் ஒண்டாச் சேத்துப் போடவும் வேணாம், பயத்தில டக்கெண்டு நிப்பாட்டவும் வேணாம்."

அடுத்தது காலிதீனின் கொப்பி. ஆகிலா அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தா. ஊதா மைக்குக் கீழே எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணைச் சுருக்கி எழுத்தெழுத்தாக எடுத்தா.

"ஸஹர் சாப்பாட்டோட ஒண்டு. நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு ஒண்டு. தலை சுத்தினா நோன்ப விட்டிட்டு உடனே வரணும். மறுகா... இது என்ன, முத்திரைக்குள்ள போயிட்டு... ஓம். சாரத்தில ஏறக்கூடா. அடியில கோடு போட்டிரிக்கார்."

"இவ்வளவுந்தானா மிஸ்?"

"இவ்வளவுந்தான் காக்கா. இது ஒரு கிழமைக்கு மேலா உங்கட கையிலதான் இருந்திருக்கு."

சாரம் என்ற சொல் காலிதீனுக்குக் குத்தியது. முப்பத்தைந்து வருடமாக உயரத்தில் நின்ற கால்கள். ஆனால் அதையும் மீறி நெஞ்சு நிறைந்துபோனது. நாளைக்கு சுல்பிகா எழுப்புவா. அவர் எழும்புவார். கண் கலங்கியதைப் பொன்னாடையின் நுனியால் துடைத்துக்கொண்டார். பொன்னாடை வந்ததற்கு அன்றைக்கு அதுதான் உபயோகம்.

முபீன் கையை நீட்டினார். "தாங்க, ஒட்டுவம். ஆக்கள் பாக்கிறதுக்குள்ள."

காலிதீன் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். மருந்துறையைத் திருப்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் முதலில் நின்றா. அவவுக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது பேர், எல்லோர் கையிலும் கொப்பி, எல்லோர் கொப்பியிலும் யாரும் வாசித்துச் சொல்லாத வரிகள். அவர் அறிவித்தலைக் கொடுத்தார். முபீன் அதைப் பழைய இடத்தில் வைத்து டேப்பை அழுத்தினார்.

காலிதீன் இரண்டு அடி பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"சேர், இடப்பக்கம் அரை இஞ்சு தாழ்ந்திரிக்கி."

"அப்பிடியா?"

"மேலிடத்துப் பெரியவர் இந்தப் பக்கம் வந்தா மொதக் கண்ணு அதிலதான் உழும். அரசாங்க அறிவித்தல் சேர்."

முபீன் அவசரமாகப் பிய்த்தார். அந்தப் பெண் யன்னலில் உறையை வைத்தா. "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா மகள்?" "முன்ன உம்மா, அரை மணித்தியாலம் முன்ன" என்றா ஆகிலா. முபீன் மறுபடி ஒட்டினார்.

"இப்ப வலப்பக்கம் தாழ்ந்திட்டு சேர்."

பிய்த்தார். ஒரு தோணிக்காரர் தன் கொப்பியை நீட்டிக் கேட்டு முடித்தார். ஒட்டினார். நடுவில் சுருக்கம் என்றார் மேசன். பிய்த்தார். இன்னொருவர் கேட்டார். ஐந்தாவது தடவை பிய்க்கும்போது முபீன் நிமிர்ந்து, வரிசையையும் யன்னலையும் கையிலிருந்த தாளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு முன்பைவிட நிதானமாக, டேப்பின் நுனியைத் தேடத் தொடங்கினார்.

"இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

காலிதீன் மேசன் கையை நீட்டிப் பெருவிரலால் அளந்தார். வரிசையில் இன்னும் பதினாலு பேர் நின்றார்கள்.

"அவசரப்படாதீங்க சேர்" என்றார். "இன்னம் மட்டத்துக்கு வரல்ல."